டி.என்.ஏ. அடையாளம் என்பது யாது?

சிற்றாற்றுப் பாசனத்தில் பள்ளமான வயல் வைத்திருப்போர், பிசான நடவு ஐப்பசி வெள்ளத்தில் மூழ்கி அழுகுவதை அறிவார்கள். ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்னும் நெல்லோ ஏறக்குறைய இரு வாரம் மூழ்கியும் பிழைக்கும். நீருக்குள் வீணே உயராமல் வளர்ச்சியை அடக்கி, சேமித்த சத்தைக் காக்கும். இக்குணத்திற்குரிய ஜீன் 2006-ல் விளக்கமாயிற்று.

விதையின் குணங்களைத் தாங்கும் நியூக்ளிக் அமிலம் டி.என்.ஏ. ஆகும். அதில் அந்த ஜீனை ஒட்டி, சோதனையில் இனங்காணத்தக்க துண்டே 'அடையாளம்'. கிராம அதிகாரிகளுக்கு எல்லைக்கல் எப்படியோ அப்படி. இளநாற்றின் இலைத்துணுக்கைச் சோதித்தால், மூழ்கடித்துப் பாராமலே குணம் இறங்கியதா என்று அறியலாம்.

இவ்வாறு பொறுக்கப்பட்டதே சி.ஆர். 1009 சப்-1. இது நீண்டகாலப் பயிர், காருக்கு ஆகாது. பழைய சி.ஆர். 1009 நெல்லிலிருந்து கண்ணால் பிரித்தறிதல் அரிதாகையால், சான்றட்டையுள்ள விதையையே வாங்குக.