இறால் பண்ணைச் சங்கத்துக்கு ஏற்ற செயலி எது?

சிலாபத்திலிருந்து முந்தல், உடப்பு வழியாகப் புத்தளம் வரை நீளும் கரையோரத்தில் இறால் குளம் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர் உண்டு. தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் பொது. ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும் ஒருவர் திறந்துவிடும் நீரைத்தான் அடுத்தவர் பம்ப் வைத்துத் தன் குளத்துக்கு ஏற்றுகிறார். 1996இலும் 1998இலும் வெண்புள்ளி நோய் வந்தபோது அந்த நீர்வழியே பரவி, இத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்களைக் கடனில் தள்ளியது. நோய் கண்ட குளத்தில் சில நாட்களுக்குள்ளேயே இறால் மொத்தமும் செத்துப்போகக்கூடும்.

அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் வலய நாட்காட்டி. எந்த வலயத்தில் எப்போது குஞ்சு விடலாம் என்பதைப் பண்ணையாளர் சங்கங்களும் நக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் கூடிப் பேசி முடிவெடுக்கின்றன. எரங்க கலப்பத்தி, ஃபிக்ரெட் பெர்க்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட கட்டுரை இந்த ஏற்பாட்டைத்தான் ஆராய்ந்தது: தனியார் குளங்கள், பொதுத் தண்ணீர், இரண்டையும் இணைத்துப் பிடிக்கும் ஊர்ச் சங்கங்கள். இப்படிப்பட்ட சங்கமொன்று இணையக் கருவியைத் தேடும்போது, எந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் போக வேண்டும், எது எவ்வளவு காலம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கருவியின் பெயர் அதற்குப் பிறகுதான்.

வேகம் என்றால் வட்ஸ்அப்புக்கு இணை இல்லை. ஒரு குளத்தில் இறால் கரையோரம் ஒதுங்கி மிதக்கிறது, ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றால், பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த மணியிலேயே பம்பை நிறுத்தியாக வேண்டும். படமொன்றும் பத்து விநாடிக் குரல் பதிவும் போதும். தமிழும் சிங்களமும் கலந்து புழங்கும் இக்கரையில் குரல் பதிவின் அருமை பெரிது. எழுதத் தயங்குகிறவர்கூடப் பேசிவிடுவார். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம் என்பதால் ஊர்ச் சங்கமொன்றுக்கு இட நெருக்கடியும் வராது.

ஆனால் அதே குழுவில் நாட்காட்டியைப் படமாகப் போட்டால் சிக்கல் தொடங்குகிறது. திகதி மாறும்போது இரண்டாவது படம் வரும், அடுத்த கூட்டத்துக்குப் பிறகு மூன்றாவது வரும். நடுவில் பெருநாள் வாழ்த்துகளும் விலை விசாரிப்புகளும் குவியும். கடைசிப் படம் எது என்று தெரியாமல் ஒருவர் பழைய திகதிக்குக் குஞ்சு விட்டால், அந்தத் தவறு அவருடைய குளத்தோடு நிற்காது.

இதற்குக் கூகுள் ஷீட் பொருத்தம். நாட்காட்டி ஒரே இடத்தில் இருக்கும், எல்லோரும் பார்ப்பது ஒரே பிரதி. யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் நிற்கும். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்ற வாக்குவாதம் பாதியாகக் குறைய இது ஒன்றே போதும். திகதிக் கட்டங்களைப் பூட்டி, செயலாளரும் பொருளாளரும் மட்டும் திருத்தும்படி வைக்கலாம். மற்றவர்கள் இணைப்பைத் தட்டினால் பார்க்கலாம், அதற்குக் கணக்குக்கூட வேண்டாம். தலைப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் இடுவது கட்டாயம். குறை என்னவென்றால், சிறிய திரையில் அகலமான அட்டவணையை வாசிப்பது கண்ணுக்குப் பாரம். ஆகவே வலயம், குஞ்சு விடும் திகதி, அறுவடைத் திகதி, நோய் நிலை என நான்கு நிரலுக்கு மேல் போகாதிருப்பது நல்லது.

கொழும்பு அலுவலகங்களில் புழங்கும் ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ் போன்றவற்றைச் சிலர் பரிந்துரைக்கலாம். தலைப்புவாரியாகப் பேச்சைப் பிரித்து வைப்பதில் அவை கெட்டிக்காரக் கருவிகள்தான். ஆனால் ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் கடந்த 90 நாட்களின் செய்திகளே கண்ணுக்குத் தெரியும். கறுப்புப் புலி இறால் ஒரு போகம் வளர ஏறக்குறைய நான்கு மாதம் எடுக்கும். அறுவடை நாளில் குஞ்சு விட்ட நாளின் பேச்சைத் தேடினால் கிடைக்காது. சந்தா கட்டித்தான் அதைப் பெற வேண்டுமென்றால் சிறு சங்கத்துக்கு அது வீண் செலவு. ஏற்றுமதிக் கம்பனியொன்றின் அலுவலகம், பொரிப்பகம், பதனிடும் ஆலை என மூன்று இடத்து ஆட்கள் நாள் முழுவதும் கணினி முன் இருந்தால் கதை வேறு. அங்கே டீம்ஸ் தன் விலைக்கு வேலை செய்யும்.

கடதாசியை மறந்துவிடக் கூடாது. 2019 மே மாதம் சிலாபத்தில் முகநூல் பதிவொன்றைத் தொட்டு எழுந்த பதற்றம் வன்முறையாக மாறியபோது, அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், மார்ச் இறுதியில், நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே அங்கத்தவர்களின் தொலைபேசி இலக்கங்கள் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு பண்ணைக் குடிசையிலும் தொங்க வேண்டும். யார் யாருக்கு அழைப்பெடுப்பது என்ற வரிசையும் அதிலேயே இருக்கட்டும். புதுப்பித்த நாட்காட்டியின் ஒரு பிரதி சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

ஆக, அவசரத்துக்கு வட்ஸ்அப், நாட்காட்டிக்கு ஷீட் என்று பிரித்துக்கொள்வதே ஊர்ச் சங்கமொன்றுக்கு இன்று நல்ல தெரிவு. வட்ஸ்அப் குழுவில் ஷீட்டின் இணைப்பை மேலே பின் செய்து வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். திகதியை மாற்றும் அதிகாரம் மட்டும் கூட்டத்திலேயே இருக்கட்டும். முகம் பார்த்துப் பேசி ஒப்புக்கொண்ட திகதியைத்தான் பக்கத்து ஊர்க்காரர் மதிப்பார், திரையில் திடீரென மாறிய எண்ணை மதிக்க மாட்டார்.

தொடங்கும்போதே ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். ஷீட் செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது, சங்கத்தின் பெயரில் திறந்த கணக்கில் இருக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவுக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் தேவை. பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் தெரிவாகும் அன்றே, கணக்குப் புத்தகத்தோடு கடவுச்சொல்லும் கை மாற வேண்டும்.