குளம்பு மேலிருந்து வளர்கிறது

அன்புள்ள மருமகன் கோமதிசங்கருக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய படங்களும் கிடைத்தன. வண்டிக் குதிரைக்கு முன்னங்கால் குளம்பு ஓரம் ஓரமாகப் பெயர்கிறது, அடித்த லாடம் ஒரு மாதம்கூட நிற்பதில்லை, என்ன எண்ணெய் தடவலாம் என்று கேட்டிருக்கிறாய். எண்ணெய்க்குக் கடைசியில் வருகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணித் துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கீறல் ஓடி, நடுவில் இருந்த பகுதி அப்படியே விழுந்திருக்கிறது. கெட்டியான இடம் தேடி, அடுத்த ஆணியை இன்னும் மேலே ஏற்றி அடித்திருக்கிறார்கள். முன்முனையோ நீண்டு கிடக்கிறது. குதிரை எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் அந்த நீளம் குளம்பின் சுவரை நெம்பும். கீறல் மேலே ஏறுவது அதனால்தான்.

குளம்பும் நம் நகமும் கெரட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனவை. காலில் மயிர் முடிகிற விளிம்பில் அது உருவாகி, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழிறங்கும். முன்பக்கத்தில் விளிம்பிலிருந்து தரையைத் தொட 9 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். இன்று உதிர்கிற ஓரம் போன வருடம் உருவானது. அதில் எதைத் தடவினாலும் அது மறுபடி கெட்டிப்படாது. இனி வளரப்போவதைத்தான் நம்மால் நல்லதாக ஆக்க முடியும்.

நம் இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. ஐப்பசி, கார்த்திகையில் காலை விடாமல் ஒட்டும். பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கும். குளம்பும் அப்படித்தான், நனைந்தால் ஊறி இளகும், காய்ந்தால் இறுகி வெடிக்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதுதான் அதற்கு ஆகாது. தினம் இரண்டு வேளை காலைக் கழுவி வெயிலில் நிறுத்துகிறேன் என்கிறாயே, அதை நிறுத்து. கொட்டிலில் மூத்திரம் தேங்க விடாதே. கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செனபன், ஈரமான வழவழப்பான தரை நல்ல குளம்பையும் கெடுத்துவிடும் என்று எழுதி, கல் பரப்பிய இடத்தில் குதிரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது தீனி. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கியதையும், அரசர்கள் பெரும்பொன் கொடுத்து வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஒரு வருடத்துக்குள் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போட்டார்களாம். லாடமும் வைத்தியமும் தெரிந்த ஆள் அப்போது இங்கே இல்லையாம். மறுபடி குதிரை விற்க வேண்டும் என்பதற்காக வியாபாரிகளும் அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லையாம். அந்தக் காயல் நம்மிடமிருந்து அதிகத் தொலைவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

உன் குதிரைக்கு நீ போடுவது தவிடும் கொள்ளும்தான். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. தவிட்டைக் குறைத்து, காய்ந்த புல்லை நிறையப் போட்டு, கிடைத்தால் குதிரைமசால் கொஞ்சம் சேர். குளம்புக்குக் கந்தகம் உள்ள புரதம், துத்தநாகம், தாமிரம், பயோட்டின் என்னும் வைட்டமின் எல்லாம் வேண்டும். 1990-களில் லிப்பிசானர் குதிரைகளுக்குத் தினம் 20 மில்லிகிராம் பயோட்டின் கொடுத்துச் சோதித்தார்கள். பலன் தெரியவே 9 மாதம் பிடித்தது. நம் குதிரை அவற்றைவிட எடை குறைவானது, அளவை மருத்துவர் சொல்லட்டும். பச்சை முட்டை கொடுக்கச் சொன்னால் கேட்காதே. அதன் வெள்ளைக்கரு பயோட்டினை உடம்பில் சேரவிடாது. தாது உப்பையும் அள்ளிப் போடாதே. பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கம் மண்ணில் செலினியம் மிகுந்த இடங்களில் மாடுகளுக்குக் குளம்பே வெடித்துக் கழன்றிருக்கிறது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை, லாடம் கழன்றாலும் கழலாவிட்டாலும், குளம்பைச் சீவி முனையைக் குறுக்கி ஓரத்தை உருட்டச் சொல். மெல்லிய ஆணி போதும். வெளிப்பக்கத்தை அரம் போட்டு மழமழவென்று ஆக்க விடாதே. ஈரத்தைக் காக்கும் மேல்பூச்சு போய்விடும். தினமும் காலைத் தூக்கி, அடியில் ஆப்பு வடிவில் மெத்தென்று இருக்கும் பகுதியின் இரு பள்ளங்களிலும் மண்ணையும் சாணத்தையும் நோண்டி எடு. கறுத்துக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல். சுத்தம் செய்து, காயவைத்து, போவிடோன் அயோடின் போடு.

எண்ணெய் குளம்புக்கு உணவாகாது. சேற்றில் இறக்குமுன் மெல்லிசாகப் பூசினால் ஈரம் ஊறுவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கழிவு ஆயில், மண்ணெண்ணெய் பக்கமே போகாதே.

குளம்பு தொட்டால் சூடாக இருந்து, குதிரை முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், இதெல்லாம் எதற்கும் உதவாது. குளம்புக்குள் வீக்கம் கண்டிருக்கும். அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

நாளைக்கே விளிம்புக்குக் கீழே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள். மாதாமாதம் அதே கோணத்தில் எடு. புதுக் குளம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். அது தரையைத் தொடும்வரை கோவில்பட்டித் தார்ச்சாலையில் குதிரையை விரட்டாதே. இந்த வருடம் வண்டிப் பந்தயம் வேண்டாம் என்று உன் அப்பாவிடமும் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா