ஆய்வாளருக்கு எந்த நூலகம்?

கேள்வி: தாம்பரத்தில் இருந்துகொண்டு தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கு என்னென்ன நூலக வசதிகள் உண்டு?

பதில்: சென்னை கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் மில்லர் நினைவு நூலகம் அக்கல்லூரி ஆய்வாளர்களுக்கு முதல் படி. பழைய இதழ்களும் அரிய பதிப்புகளும் தேவைப்பட்டால், வேளச்சேரியைத் தாண்டித் தரமணிக்குப் போக வேண்டும். அங்குள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய சுமார் ஒரு லட்சம் நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் உருவானது. அவர் மறைவுக்குப்பின் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளையாக அது கடல் கடக்கவில்லை. நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், காலணாப் பிரசுரம் என்று பிற நூலகங்கள் ஒதுக்கியவையும் அதில் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய தாள் பழுத்து, விரல் பட்டாலே ஓரம் உதிரும். அதனால்தான் அங்கே நுண்படமும் மின்படியும் எடுக்கிறார்கள். நூற்பட்டியலில் தேடி, பதிப்பாண்டோடு குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம்.

தலைப்பை முடிவு செய்யுமுன் சோத்கங்கா இணையதளத்தைப் பார்ப்பது கட்டாயம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் அதில் இலவசமாகக் கிடைக்கும். ஏற்கெனவே அரைத்த மாவா என்பது உடனே தெரிந்துவிடும். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் பன்னாட்டு ஆய்விதழ்கள் கிடைக்கும், ஆனால் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே.

எழுதி முடித்த ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. மேற்கோள்களும் நூற்பட்டியலும் அக்கணக்கில் சேரா.