காலை ஐந்து மணிக்கு எவ்வளவு மாத்திரை மிச்சம்?

தூக்க மாத்திரைக்காக டாக்டரிடம் போனால் எல்லோரும் ராத்திரியைப் பற்றித்தான் பேசுகிறோம். படுத்தால் தூக்கம் வரவில்லை, வந்தாலும் ஒரு மணிக்கு விழிப்பு, அப்புறம் விடியும்வரை புரண்டு படுக்கிறேன் என்று. மறுநாள் எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், எந்த ரோட்டில் போக வேண்டும் என்பதை அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. செம்பரம்பாக்கத்துக்காரருக்கு அந்தத் தகவல்தான் முக்கியம். இங்கே ஊரைவிட்டு வெளியே வந்தால் பெங்களூர் ஹைவே. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும். மறுபக்கம் நசரத்பேட்டை, பூந்தமல்லி வழியாக நகரத்துக்குள் போகும் நெரிசல். ஆறு மணி ஷிஃப்டுக்காரர் ஐந்து மணிக்கே ரோட்டில் நிற்க வேண்டும். கண் சொருகிக்கொண்டு டூ-வீலர் ஓட்டக்கூடிய சாலை இல்லை இது.

மாத்திரையால் வரும் காலை மந்தத்துக்கு வழிகள் சில உண்டு. மாத்திரையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், போடும் நேரத்தை மாற்றலாம், காலை வேலையை மாற்றலாம், மாத்திரையையே மெல்ல விடலாம். எது யாருக்கு என்பதுதான் கேள்வி. அதற்கும் முன்னால், மந்தம் மாத்திரையால்தானா என்று பாருங்கள். எழுந்ததும் அரை மணி, முக்கால் மணி தலை கனத்திருந்து பிறகு தெளிந்துவிட்டால் அது மாத்திரை போடாதவர்களுக்கும் வருவதுதான். பத்து, பதினொரு மணி தாண்டியும் பேச்சு இழுக்கிறது, கணக்கு தப்புகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் மாத்திரையைச் சந்தேகிக்கலாம். வீடே அதிரக் குறட்டை விடுபவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொல்லிக் கேட்டவர், மாத்திரை மாற்றுவதைத் தள்ளிவைத்து அதை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் இப்படி மூச்சு தடைபடுபவருக்குச் சில தூக்க மாத்திரைகள் நிலைமையை இன்னும் கெடுக்கும்.

மாத்திரைகளுக்குள் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறார்கள். சோல்பிடெமுக்கு அது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். எஸ்ஸோபிக்ளோனுக்கு 6 மணி. அல்பிரசோலத்துக்கு 11 மணியை ஒட்டி, லோராசெபத்துக்கு 12 மணிக்குப் பக்கம். நம்மூர்ச் சீட்டுகளில் சர்வசாதாரணமாகக் காணப்படும் குளோனாசெபத்துக்கு 30 முதல் 40 மணி. டயசெபம் இன்னும் நீளம். அது உடைந்து உண்டாகும் பொருளும் நாள்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும்.

இதைக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போட்ட சோல்பிடெம் காலை ஐந்து மணிக்கு ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். எஸ்ஸோபிக்ளோன் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அல்பிரசோலம் மூன்றில் இரண்டு பங்கு. குளோனாசெபம் கிட்டத்தட்ட முழுசாக இருக்கும். அடுத்த ராத்திரி அதன் தலைமேல் இன்னொன்று போடுகிறோம். நம் செம்பரம்பாக்கம் ஏரியில் வரத்து அதிகமாகி வெளியேற்றம் குறைந்தால் மட்டம் என்ன ஆகும் என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. தினமும் ஒரு குளோனாசெபம் போடுபவருக்கு ஒரு வாரத்தில், மாத்திரை போட்ட கையோடு, இரண்டரை மாத்திரை அளவு உடம்பில் நிற்கும். முதல் நாள் நன்றாக இருந்தேன், ஒரு வாரம் கழித்துத்தான் மந்தம் பிடித்தது என்று சிலர் சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நாள்பட உடம்பு பழகி அசதி ஓரளவு குறையும். ஆனால் ‘பாயிண்ட் டூ ஃபைவ்தானே, சின்ன மாத்திரை’ என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை. எண் சின்னதாக இருப்பது அந்த மருந்தின் வீரியத்தால். அதற்கும் அது உடம்பில் தங்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்லை.

அதனால் விடியற்காலையில் வண்டி எடுப்பவர், நெடுநேரம் தங்கும் மாத்திரையில் இருந்தால், குறைந்த நேரம் தங்கும் ஒன்றுக்கு மாற முடியுமா என்று கேட்பதுதான் என் கணிப்பில் முதல் தேர்வு. இதிலும் பிடி உண்டு. சீக்கிரம் வெளியேறும் மருந்து தூக்கத்தைத் தொடங்கிவைக்கும். மூன்று மணிக்கு விழிப்பவரை அது காப்பாற்றாமல் போகலாம். அதைச் சமாளிக்க, மெதுவாகக் கரையும் ‘சிஆர்’ சோல்பிடெம் எழுதுவார்கள். அதில் காலை மந்தம் திரும்ப வந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இந்த நீண்ட வகையைப் போட்டவர் மறுநாள் வண்டி ஓட்டவே வேண்டாம் என்று எச்சரித்தது. மெலடோனின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், காலையில் தொல்லை குறைவு. ஆனால் அதன் பலம் சாதாரணம். ஷிஃப்ட் மாறி மாறி வருபவருக்கும் தூக்க நேரம் தள்ளிப்போனவருக்கும் ஓரளவு உதவும். அமிட்ரிப்டிலின், மிர்டசபின் போன்றவை மனச்சோர்வு, வலி என்று வேறு காரணத்துக்காகவும் எழுதப்படுவதால் மாற்றும் பேச்சை எடுக்குமுன் எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்புக்காகக் குளோனாசெபம் சாப்பிடுபவர் மந்தத்தை நரம்பியல் டாக்டரிடம் சொல்லட்டும். இங்கே சொல்லும் மாற்றங்களைத் தாமாகச் செய்ய வேண்டாம்.

அளவைக் குறைப்பது அடுத்த வழி, பெண்களுக்கு அநேகமாக முதல் வழி. அதே 2013 ஜனவரியில் அந்த அமைப்பு பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5ஆகக் குறைக்கச் சொன்னது. பத்து மில்லிகிராம் போட்டு எட்டு மணி நேரம் கழித்தும், வண்டி ஓட்டுவதைப் பாதிக்கும் அளவு மருந்து ஏறக்குறைய 15 சதவீதப் பெண்களின் ரத்தத்தில் இருந்தது. ஆண்களில் 3 சதவீதம். பெண்ணுடல் இந்த மருந்தை மெதுவாக வெளியேற்றுகிறது. வீட்டுக்காரருக்கும் தனக்கும் ஒரே ஸ்ட்ரிப்பிலிருந்து ஒரே மாத்திரையைப் பங்கு போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. பிள்ளையை ஸ்கூட்டியில் பள்ளிக்குக் கொண்டுபோகும் அம்மாவுக்கு அது நல்லதல்ல. பாதியாக உடைக்கும் முன் மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள். நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையைப் பெரும்பாலும் உடைக்கலாம். சிஆர் வகையை உடைத்தால் மெதுவாக வர வேண்டிய மருந்து மொத்தமாக வந்துவிடும்.

நேரத்தை மாற்றுவது செலவில்லாத வழி, நீங்களே செய்யக்கூடியதும்கூட. பத்து மணிக்குப் போட வேண்டியதை, தூக்கம் தானாக வருகிறதா பார்ப்போம் என்று காத்திருந்து ஒரு மணிக்குப் போடுவார்கள். பத்து மணிக்குப் போட்டிருந்தால் ஐந்து மணிக்கு ஏழில் ஒரு பங்காக இருந்திருக்கும் சோல்பிடெம், இப்போது மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஏழெட்டு மணி நேரம் படுக்க வாய்ப்பில்லாத ராத்திரியில் அதைத் தொடவே கூடாது. தூங்காமல் போனாலும் பரவாயில்லை. ஒன்பதரைக்கு வயிறு நிறையத் தோசை சாப்பிட்ட கையோடு போட்டாலும் மருந்து தாமதமாக ஏறும், தாமதமாகவே இறங்கும். அதற்காக எட்டு மணிக்கே போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதும் ஆபத்து. அரைத் தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு போவது வரை நடந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் இதற்காகவே சோல்பிடெம் வகை மாத்திரைகளுக்குக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. சாப்பாட்டை முன்னே தள்ளி, மாத்திரை போட்டதும் படுக்கைக்குப் போவதுதான் சரி. குளோனாசெபத்தைக் கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதால் முப்பது மணி நேர மருந்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

கூட என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சளி மாத்திரை, அரிப்புக்குப் போடும் மாத்திரை, இருமல் சிரப் ஆகியவற்றில் பலவும் தூக்கம் கொடுப்பவை. தொழிற்சாலை வியர்வையில் படை வந்து வாரக்கணக்கில் இட்ராகோனசோல் சாப்பிடுபவர் அல்பிரசோலமும் போட்டால், அல்பிரசோலம் வெளியேறும் வழி அடைபட்டு அளவு எகிறிவிடும். படைக்கு எழுதும் தோல் டாக்டருக்குத் தூக்க மாத்திரை விஷயம் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மது சேர்ந்தால் காலை மந்தம் இருக்கட்டும், ராத்திரி மூச்சுக்கே ஆபத்து.

டீக்கடை வழியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஸ்ட்ராங் டீயோ ஃபில்டர் காபியோ மருந்தை வெளியேற்றாது. விழிப்பாக இருப்பதாக எண்ண வைக்கும். அந்த எண்ணத்தை நம்பலாமா? எஸ்ஸோபிக்ளோனை 3 மில்லிகிராம் கொடுத்துச் சோதித்தபோது, பதினொரு மணி நேரத்துக்குப் பிறகும் ஓட்டும் திறனும் ஞாபகமும் குறைந்திருந்தன. தங்களுக்குக் குறைந்திருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 2014இல் அமெரிக்காவில் அதன் தொடக்க அளவும் 1 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் ஓட்டுகிறேன்’ என்பது ஆதாரம் ஆகாது.

ஆகவே மாத்திரை தொடங்கிய, மாற்றிய, அளவு கூட்டிய முதல் வாரத்திலாவது காலையை மாற்றுங்கள். கம்பெனி பஸ் வரும் இடத்துக்குப் பைக்கில் போகாமல் யாராவது கொண்டுவிடட்டும். முடிந்தால் ஜெனரல் ஷிஃப்ட் கேளுங்கள். கிரேன், பிரஸ், ஃபோர்க்லிஃப்ட் வேலையில் இருப்பவர் சூப்பர்வைசரிடம் சொல்வதில் கூச்சம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185வது பிரிவு மதுவோடு நிற்கவில்லை; வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் ஓட்டுவதும் அதில் வரும்.

அறுபத்தைந்து தாண்டியவருக்கு என் கருத்து வேறு. அவர் ஹைவேக்குப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூமுக்குப் போகிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிவது அந்த இருபது அடியில்தான். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலில் குளோனாசெபம் வகையும் சோல்பிடெம் வகையும் முதியவர்கள் தவிர்க்க வேண்டியவையாகவே இருக்கின்றன. தாத்தாவுக்கு எந்த மாத்திரை நல்லது என்று ஒப்பிடுவதைவிட, வேண்டுமா என்று கேட்பதே முறை.

மாத்திரையை விடுவது என்றால் நாளை முதல் நிறுத்துவது அல்ல. மாதக்கணக்கில் குளோனாசெபம், அல்பிரசோலம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்னைவிட மோசமாகும், நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். வாரங்களோ மாதங்களோ ஆகும். அதன் இடத்தில் வைக்க, தூக்கமின்மைக்கான மனப்பயிற்சி முறை இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையே இதுதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. எந்த ஷிஃப்டானாலும் எழும் நேரத்தை நிலையாக வைப்பது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குவது என்று போகும். நேரத்தைச் சுருக்கும் முதல் சில வாரங்களில் பகலில் தூக்கம் சொக்கும். அதனால் லீவு கிடைக்கும்போதோ வண்டி ஓட்டத் தேவையில்லாத வாரத்திலோ தொடங்குங்கள். வாராவாரம் ஷிஃப்ட் மாறுபவருக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது, அதைத் தெரிந்த மனநல மருத்துவரோ உளவியலாளரோ வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை தூரமாகத் தோன்றினால் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் இலவச சேவை, தமிழிலேயே பேசுவார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ‘இதே மாதிரி, ஆனா மந்தம் வராத மாத்திரை கொடுங்க’ என்று கேட்டு மாற்றிக்கொள்ளாதீர்கள். 2014 மார்ச் முதல் சோல்பிடெம், அல்பிரசோலம், நைட்ராசெபம் போன்றவை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயரும் உங்கள் பெயரும் எழுதி மூன்று வருடம் அவர்கள் பதிவேடு வைத்திருக்க வேண்டும். டாக்டரிடமே போங்கள். போவதற்கு முன் ஒரு வாரம், மாத்திரை போட்ட மணி, சாப்பிட்ட மணி, எழுந்த மணி, தலை தெளிந்த மணி, அன்று வண்டி எடுத்த மணி என்று ஐந்தையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். நாலாவது எண்ணுக்கு முன்னால் ஐந்தாவது வருகிற நாள் ஒன்றிருந்தாலும் அதை முதலில் காட்டுங்கள்.