எஞ்சின் விளக்கும் எஞ்சின் மாற்றமும்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் மஞ்சள் நிறமான சிறு விளக்கொன்று எரிகின்றது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றது. ஆயினும் விளக்கு அணைந்தபாடில்லை. பட்டறையில் ஓர் உறுப்பை மாற்றுகின்றனர். நான்கு நாள் அணைந்திருந்து மறுபடியும் எரிகின்றது. பின்னர் வேறோர் உறுப்பு. முடிவில், "எஞ்சினே போய்விட்டது, வேறு எஞ்சின் போடுவதே வழி" என்னும் தீர்ப்பு வந்து சேர்கின்றது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் நம் நண்பர் ஒருவர்க்கு இவ்வாறே நேர்ந்தது. வண்டிக் கடனில் இரண்டாண்டுத் தவணை பாக்கி. எஞ்சினுக்குக் கேட்ட தொகையோ, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென அவர் சேர்த்து வைத்திருந்தது முழுவதையும் விழுங்கக்கூடியது. அவர் பொருட்டு நாம் ஆராய்ந்தறிந்தவற்றையே மாணவ நண்பர்க்கு ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

இவ்விளக்கு எஞ்சினின் ஆயுளை அளப்பதற்காகத் தோன்றியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான்வெளியை மோட்டார்ப் புகை மூடியதன் பயனாய்க் கலிபோர்னியா மாகாணம் 1967-ஆம் ஆண்டில் காற்றுவள வாரியம் ஒன்றை நிறுவிற்று. வண்டியானது தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைத் தானே சோதித்து, பழுது கண்டவிடத்து ஓட்டுவோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதி அவ்வாரியத்தின் முயற்சியால் வந்தது. 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு ஒரே வகையான பதினாறு முனைச் செருகியும் பொதுவான குறியெண்களும் கட்டாயமாயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இம்முறை வந்தது. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு வந்தது. வெளிப்படும் நச்சுப்புகை சட்டம் வகுத்த அளவில் ஒன்றரை மடங்கு ஆகக்கூடும் எனக் கணினி கருதுமாயின் விளக்கை ஏற்றுக என்பதே அமெரிக்க விதியின் பொதுச் சாரம். ஆகவே பழுதற்ற எஞ்சினுள்ள வண்டியிலும் விளக்கு எரிதல் கூடும். பெட்ரோல் டாங்கின் மூடி சரியாய் இறுகாமையால் விளக்கெரியும் வண்டிகளும் உள.

விடாது எரிதல் வேறு, மின்னி மின்னி எரிதல் வேறு என்பதை மறத்தலாகாது. மின்னுவதாயின், சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டழிக்கின்றது என்பது பொருள். வேகத்தைக் குறைத்து விரைவில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். எண்ணெய்க் குவளை வடிவாய்ச் சிவந்து எரிவதோ முற்றிலும் வேறான விளக்கு. அதைக் கண்டால் அக்கணமே எஞ்சினை நிறுத்துக.

இனி, ஸ்கேனரை மாட்டியவுடன் தோன்றும் குறியெண்ணின் தன்மை யாது? அது மீறப்பட்ட விதியைச் சொல்லுமேயன்றிக் கெட்ட உறுப்பைச் சொல்லாது. நம் நண்பரின் வண்டியில் பி 0171, பி 0300 என இரண்டு தோன்றின. முன்னது, காற்றின் அளவுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது. பின்னது, சிலிண்டர்கள் ஒழுங்கின்றிப் பற்றத் தவறுகின்றன என்பது. பட்டறையார் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றினர், பிளக்குகளை மாற்றினர். குறையைக் கண்டு சொன்னதே சென்சார். அதை மாற்றியது, காய்ச்சல் இருக்க வெப்பமானியை மாற்றியதை ஒக்கும். அன்றியும் ஒவ்வொரு முறையும் குறியெண்ணை அழித்தனர். பழுது பதிவான வேளையில் எஞ்சினின் சுழற்சி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, பளு எவ்வளவு என்னும் குறிப்புகளைக் கணினி சேமித்து வைக்கும். அழித்தால் அவையும் உடன் அழியும். பாட்டரிக் கம்பியைக் கழற்றி விளக்கை அணைக்கும் வழக்கமும் பெரும்பாலும் இத்தன்மையதே. முதலில் அக்குறிப்புகளைத் தாளில் எழுதிக் கொள்ளுதல் வேண்டும்.

நாம் அடுத்துப் பார்த்தது, பட்டறையார் ஃப்யூல் ட்ரிம் என வழங்கும் திருத்த அளவு. பெட்ரோல் முற்றும் எரிய ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். புகையில் எஞ்சும் ஆக்ஸிஜனைக் கொண்டு கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் இவ்விகிதத்தைக் காக்கின்றது. அத்திருத்தம் சுழியத்துக்கு அருகில் இருத்தல் நன்று. நண்பரின் வண்டியில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடுகையில் அது நூற்றுக்கு 24 கூடுதல். நிமிடத்துக்கு 2,500 சுழற்சியாக உயர்த்தியபோது 5 கூடுதல். இவ்விரண்டு எண்களிலேயே விடை இருந்தது. அவ்வண்டியில் உட்புகும் காற்றை வாயிலில் ஒரு கருவி அளக்கின்றது. அக்கருவியைக் கடந்தபின் எங்கேனும் வெடிப்பிருந்தால் அதன் வழியே புகும் காற்று கணக்கில் சேராது. ஐட்லிங்கில் உள்ளே செல்லும் காற்று சிறிது. ஆதலின் களவாய்ப் புகுவது பெரும்பங்காகும். வேகம் கூட்டினால் நேர்வழிக் காற்று மிகுதலின் கள்ளக்காற்று அற்பமாகிவிடும். பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பழுதாயின், வேகம் கூடக் கூடக் குறையும் கூடியிருக்கும்.

எஞ்சினையும் சோதியாமல் விட்டோமில்லை. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரெஷனையும் அளந்தோம். நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தன. ஒன்று தாழ்ந்திருக்குமாயின் அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர்; அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, உயராவிட்டால் வால்வையோ ஹெட் காஸ்கெட்டையோ ஐயுற வேண்டும். இதனினும் நுட்பமான சோதனை ஒன்றுண்டு. பிஸ்டனை மேல்முனையில் நிறுத்திச் சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்டல். சைலன்சரில் சீறினால் வெளியேற்று வால்வு. காற்றுப் புகும் வழியில் சீறினால் உள்ளிழு வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் காஸ்கெட். இவற்றுள்ளும் வால்வும் காஸ்கெட்டும் எஞ்சினை மாற்றாமலே செப்பனிடத்தக்கவை. ஒரே சிலிண்டரில் மட்டும் பற்றத் தவறுமாயின் அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். பி 0303 என்றிருந்தது பி 0302 ஆனால் குற்றம் காயிலது. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

எஞ்சின் மாற்றத்தில் பலர் அறியாத ஒன்றுண்டு. மாற்றாக வரும் எஞ்சின் பெரும்பாலும் வெற்றுடம்பாகவே வரும். பழைய எஞ்சினின் சென்சார்களும் ஹோஸ்களும் கம்பிக்கட்டும் காற்றுக் குழாய்களும் கழற்றப்பட்டு அதன்மேல் பூட்டப்படும். பழுது அவற்றில் இருந்ததாயின் அதுவும் உடன் குடிபெயரும். இரண்டு லட்சம் செலவிட்டபின் அதே விளக்கு அதே குறியெண்ணோடு எரியும். அன்று பட்டறையார் எதனைக் குறை கூறுவரோ, நாம் அறியோம்.

காற்றுக் குழாய்க்குள் புகை செலுத்திப் பார்த்தோம். எஞ்சினின் அடிப்பெட்டியிலுள்ள ஆவியை உள்ளிழு குழாய்க்குக் கொண்டு சேர்க்கும் ரப்பர் ஹோஸ் ஒன்றின் அடிப்புறத்திலிருந்து மெல்லிய இழையாய்ப் புகை எழுந்தது. மேலிருந்து நோக்குவோர் கண்ணுக்கு அவ்வெடிப்பு தென்படாது. விரலால் தடவினால் தெரியும். சில நூறு ரூபாயில் புது ஹோஸ் வாங்கிப் பூட்டினோம். ஐட்லிங்கில் திருத்தம் நூற்றுக்கு 3 ஆகக் குறைந்தது. குறியெண்ணை நாம் அழிக்கவில்லை. பழுதின்றித் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் முடிந்தால் கணினி தானே விளக்கை அணைக்கும் என்பது விதியாதலால் பொறுத்திருந்தோம். நான்காம் நாள் காலையில் நண்பர் சாவியைத் திருப்பி எஞ்சினை எழுப்பினார். எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணைந்தன, அதுவும் உட்பட. சவாரி காத்திருந்தமையால் நம்மோடு நெடுநேரம் பேச அவருக்கு அவகாசமில்லை.