சென்னைச் சிவப்பு ஆடு: நல்ல கிடாவை முதலில் விற்காதீர்கள்

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களின் சொந்தச் செம்மறி இனம் சென்னைச் சிவப்பு. கம்பளி இல்லாத, சிவந்த ரோமமுள்ள இறைச்சி ஆடு இது. கிடாவுக்கு முறுக்கிய கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு இல்லை. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும், பெட்டை 23 கிலோவும் இருக்கும். அறுவடையான வயலிலும் ஏரிக்கரையிலும் மேய்ந்தே வளரும். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தை ஆராய்ந்துள்ளது.

வேகமாக வளரும் கிடாக்குட்டிக்கு வியாபாரி முதலில் விலை பேசுகிறார். விலைபோகாத நோஞ்சான் மந்தையில் தங்கிப் பொலிகிடா ஆகிவிடுகிறது. இப்படியே தொடர்ந்தால் மந்தை முழுவதும் சிறுத்துப்போகும்.

இதைத் தடுக்க, பால் மறக்கும் 3-ஆம் மாதத்தில் குட்டிகளை எடை போடுங்கள். நன்கு பால் கொடுக்கும் தாயின் குட்டிகளில், எடை மிகுந்த கிடாக்குட்டிகள் இரண்டை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதில் பொலிக்கு விடலாம். 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். மற்றக் கிடாக்களைக் கால்நடை மருத்துவரிடம் காயடித்துவிடுங்கள்.

ஒரே கிடாவை நெடுநாள் வைத்தால் தன் குட்டிகளுடனேயே இணையும். பிறக்கும் குட்டிகள் நலிந்துபோகும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்து ஊர் மந்தையிலுள்ள அதே இனக் கிடாவுடன் மாற்றிக்கொள்ளுங்கள். பிற இனக் கிடாவைச் சேர்த்தால் இனத்தின் தூய்மை கெடும்.

இன்று ஒரு கிடாவின் விலையை விட்டுக்கொடுப்பவர், அடுத்த ஈற்றுக் குட்டிகளில் அதைத் திரும்பப் பெறுவார்.