புதிய பாட்டும் பல்கலைக்கழக விழாவும்

விழா என்றதும் தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் சிவராத்திரியே நம் நினைவுக்கு வரும். ஆனால் புதிய பாடல்களைப் பிறப்பிக்கும் பொருட்டே ஒரு பல்கலைக்கழகம் இசைவிழா எடுத்ததும் உண்டு.

1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை அரசர், 1941-இல் அங்கே தமிழிசை மாநாட்டைக் கூட்டினார். கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே மிகுந்திருந்த காலம் அது. புதிய தமிழ்ப் பாடல்களை ஆக்கவும் பரப்பவும் அவர் பொருள் வழங்கினார். இசையில் மொழிப் பூசல் ஏன் என்று எதிர்ப்பும் எழுந்தது. பாடல்களோ சுரக்குறிப்புடன் நூல்களாக அச்சேறின. மாநாட்டுப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னும் நிலைத்தவை அந்நூல்களே.

நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இயற்றிய சிம்பொனியை, 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் வாசித்தனர். நம் மண்ணை அறியாதவர்களும் வாசிக்க முடிந்தது எதனால்? ஒவ்வொரு சுரமும் தாளில் எழுதப்பட்டிருந்ததனால் அன்றோ!

ஆகவே மாணவ நண்பர்களே, நம் கல்லூரி விழா கைதட்டலோடு முடிய வேண்டா. ஆண்டுக்கு ஒரு புதுப்பாட்டையும், நம் பாட்டிமார் பாடும் ஒரு நடவுப்பாட்டையும் சுரப்படுத்தி நூலகத்தில் வைப்போம். பாடியவர் மறைந்தாலும் பாட்டு வாழும்.